மூன்றாவது தீம்

டினேஸ், என்னைப் போலப் படம் எடுப்பவன் ஒருவன் தன் இணையத்தளத்துக்கு ஒரு தீம், அதாவது பக்க வடிவம், தேடுவது சேலைக்கடைக்குள் போன மாதிரி. எடுத்துப்போட எடுத்துப்போட வந்துகொண்டே இருக்கும். கடைசியில் முதலில் பார்த்ததே பரவாயில்லை என்று தோன்றும். மூன்று வருடத்துக்கு முன், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதியோடு இருக்கும் எங்கள் ஸ்ரூடியோவில் நானும் தங்கை உதயகலாவும் இரண்டு கிழமை இதே வேலையாக இருந்தோம்.

அந்தத் தளத்தின் வழியாகத்தான் போன மார்கழியில் நீங்கள் எனக்கு எழுதினீர்கள். உதயகலாவின் முகத்துத் தழும்பு உங்களுக்குப் பெரிய விசயமில்லை என்றும், அவள் ஏன் அதை உங்களிடம் மறைத்தாள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் இன்னும் கலியாணம் செய்யவில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருந்தீர்கள். தளத்துக்கு வரும் செய்திகள் என் போனுக்கு மட்டுமே வரும். ஆகவே நீங்கள் எழுதியது அவளுக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

கடைசியில் மூன்று தீம்கள் மிஞ்சின. முதலாவது முழுக்கக் கறுப்பு. "செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு, அண்ணை" என்று உதயா தள்ளிவிட்டாள். இரண்டாவதில் திரை முழுக்க ஒரே ஒரு படம் விரியும். அவளுக்கு அதில்தான் ஆசை. மயிலிட்டித் துறைமுகத்தில் ஒரு சோடியை வைத்து நான் எடுத்த படம் அதற்கென்றே எடுத்தது போல இருந்தது. மூன்றாவதில் படத்தின் நடுவே நெடுக்காக ஒரு கோடு நிற்கும். கோட்டுக்கு இடப்பக்கம் கமெரா எடுத்தபடி. வலப்பக்கம் திருத்திய பிறகு. விரலால் கோட்டை இழுத்து இழுத்து இரண்டையும் பார்க்கலாம். நான் மூன்றாவதைத் தெரிவு செய்தேன்.

அதற்கு நல்ல காரணம் இருந்தது. எங்கள் தொழிலின் உயிரே திருத்துவதில்தான். மற்ற ஸ்ரூடியோக்களில் கலியாணப் பொம்பிளையைக் கடைப் பொம்மையாக்கிக் கொடுப்பார்கள். உதயாவின் கைபட்டால் பரு போகும், களைப்புப் போகும், ஆனால் முகம் அந்தப் பிள்ளையின் முகமாகவே இருக்கும். படமெடுக்க நாள் பதிய வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியே "தங்கச்சிதானே திருத்துறவ?" என்பதுதான். நான் பொத்தானை அமத்துகிறவன், அவ்வளவுதான். இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன.

அவளுடைய தழும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாயிரமாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து தென்மராட்சியை விட்டு ஓடிவந்து கோண்டாவிலில் ஒரு வீட்டில் ஒண்டியிருந்தபோது மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கு அவள்மேல் சரிந்தது. அவளுக்கு ஐந்து வயது. இடக் கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் சுருங்கிப்போயிற்று. ஆனால் அவள் அதை முந்தானையால் மூடித் திரிந்தவள் அல்ல. சந்தைக்கும் கோயிலுக்கும் அந்த முகத்தோடுதான் நிமிர்ந்து போய்வருவாள்.

உங்கள் சம்பந்தம் வந்தபோது அம்மாவும் ஐயாவும் உயிரோடு இல்லை. பேசவேண்டியவன் நான் ஒருவன்தான். உங்கள் அக்கா குணலட்சுமி கனடாவிலிருந்து படமும் சாதகக் குறிப்பும் கேட்டா. நான் ஒரு படம் எடுத்து, உதயாவிடமே திருத்தச் சொன்னேன்.

"என்னத்துக்கு அண்ணை? உள்ளதைக் காட்டுவம்."

"படம் வடிவாய் இருக்கட்டும். விசயத்தை நான் வாயாலை சொல்லிப்போட்டன்."

"அவை என்ன சொன்னவை?"

"அதிலை ஒண்டும் இல்லையாம்."

நான் யாருக்கும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. முதலில் படம் பிடிக்கட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் என் எண்ணம் கெட்டது இல்லை. கலியாண எழுத்து முடியும்வரை வீடியோவில் கதைப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை என்று உங்களிடம் சொன்னதும் நான்தான். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமும் இருக்கவில்லை.

நீங்கள் அவளோடு ஐந்து தரம் போனில் கதைத்தீர்கள். ஐந்தாம் தரம் கதைத்து முடித்தபின் என்னிடம் வந்து, "அவர் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தையும் கேக்கேல்லை அண்ணை. நல்ல மனிசன்" என்றாள். நீங்கள் பெருந்தன்மையாக இருக்கிறீர்கள் என்று நம்பி, அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளை அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பொருத்தம் சரிவந்தது. ஆவணியில் எழுத்து வைப்பதாகப் பேச்சு. அதற்கிடையில் கனடா விசா அலுவலாக உதயா ஒரு கிழமை கொழும்பில் நிற்க வேண்டி வந்தது. கொக்குவில் கலியாணம் ஒன்றின் பட அல்பத்தை அந்தக் கிழமை நானே திருத்திக் கொடுத்தேன். பொம்பிளையின் தாய் அதைத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "தம்பி, இது என்ரை பிள்ளையே?" என்று கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டா. உதயா போய்விட்டால் ஸ்ரூடியோவும் போய்விடும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அவள் கொழும்பிலிருந்து வந்த மறுநாள் நான் மூன்றாவது தீம் என்று முடிவாகச் சொன்னேன். முகம்சுழித்தாள், ஆனால் மறுக்கவில்லை. தளத்தைக் கட்டியதும் அவள்தான்.

"கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆரின்ரை படத்தைப் போட?" என்று கேட்டாள்.

"உன்ரையைப் போடு. வேறை ஆரின்ரையும் போட்டால் அவை சண்டைக்கு வருவினம். உன்ரை படத்துக்கு நீதானே சொந்தக்காரி."

உங்கள் வீட்டாரை நினைத்துக் கேட்டாள். "அவையளுக்குத்தான் தெரியுமே, என்ன?"

"ஓம், தெரியும்."

தன் முகத்தைத் தன் கையாலேயே ஏற்றினாள். இடப்பக்கம் தழும்போடு, வலப்பக்கம் தழும்பில்லாமல். உண்மையில் அதைவிடத் திறமான உதாரணம் எங்களிடம் இருக்கவில்லை. தொழில் என்று பார்த்தால் என் தெரிவில் பிழை சொல்ல முடியாது.

அன்று பின்னேரமே தளத்தின் முகவரியை உங்கள் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "புதுசாய்ச் செய்திருக்கிறம், பாத்து அபிப்பிராயம் சொல்லுங்கோ அக்கா" என்று கீழே எழுதினேன்.

மூன்றாம் நாள் அக்கா போன் எடுத்தா. "எரிஞ்ச முகத்தை மறைச்சே எங்களுக்குப் படம் அனுப்பினனீங்கள்?" என்று கேட்டா. "நான் சொல்லத்தான் இருந்தனான் அக்கா. உதயாதான் சொல்லவேண்டாம் எண்டு அழுதவள்" என்றேன்.

பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று இவ்வளவு காலமும் என்னை நானே சமாதானப்படுத்தி வந்தேன். அது பொய். அந்த வசனத்தை நான் இரண்டு நாளாக மோட்டார்சைக்கிளில் போகும்போதும் வரும்போதும் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவள் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை, டினேஸ். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

அவளிடம் குறிப்பைத் திரும்பப் பார்த்ததில் செவ்வாய் குற்றமாம் என்றேன். இனி உங்களோடு கதைப்பது மரியாதையில்லை என்றும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தழும்புக்காக இல்லைத்தானே அண்ணை?"

"சீச்சீ, இல்லை."

தலையை ஆட்டிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினாள். அவள் திரும்பத் திருத்தத் தொடங்கிய கொக்குவில் அல்பம் அரைகுறையாக இருந்தது. அதை அன்றைக்கே முடித்துக் கொடுத்தாள். அந்தப் பொம்பிளையின் தாய் வந்து பார்த்து அழுதா. நன்றாக வந்திருக்கிறது என்று நானும் சொன்னேன்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நான் மேய்ந்தது ஊருக்குத் தெரியாது. தங்கச்சி கரைசேராமல் தான் ஒரு பெண்ணைக் கட்டமாட்டேன் என்று இருக்கிறான் என்று ஊர் என்னைத் தூக்கி வைத்துக் கதைக்கிறது. போன தைப்பூசத்தன்று கோயில் வீதியில் ஒரு கிழவி என் இரண்டு கையையும் பிடித்து, "உன்னை மாதிரி ஒரு தமையன் ஆருக்குக் கிடைக்கும்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டா. பக்கத்தில் உதயா பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அப்படியே நின்று அந்த மனிசி சொன்னது எல்லாவற்றையும் கேட்டேன்.

உங்களுக்குப் பிறகும் இரண்டு சம்பந்தம் வந்தது. ஒன்று நோர்வே, மற்றது லண்டன். இந்தத் தரம் நான் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவுமில்லை. படம் கேட்டவுடன் தளத்தின் முகவரியை அனுப்பிவிட்டேன். அந்தக் கோட்டை இழுத்துப் பார்த்தவர்கள் இரண்டாம் தரம் கதைக்கவில்லை. திருத்தத் தெரிந்த கை எதையும் ஒளித்துவிடும் என்று அவர்கள் பயந்திருக்கலாம். அப்படித்தான் பயப்படுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

ஆக, உங்கள் இருவரையும் பிரித்தது நான். அவளுக்கு இன்றுவரை காரணம் தெரியாமல் வைத்திருப்பதும் நான். இதை வாசித்ததும் நீங்கள் அவளைக் கூப்பிடுவீர்கள். கூப்பிட வேண்டும். அவள் இப்போதும் உங்களைப் பற்றிக் கதைக்கும்போது பெயர் சொல்லாமல் "அவர்" என்றுதான் சொல்கிறாள். நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போனால் அதைப் பார்த்துச் சந்தோசப்படுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வருகிற ஆவணியில் மட்டும் பதினொரு கலியாணத்துக்குப் படம் எடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அல்பங்களை அவள் முடித்துவிடட்டும். அதன்பிறகு இந்தக் கடிதத்தை உங்களுக்குக் கட்டாயம் அனுப்புவேன். நான் சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை.