இரண்டு பேர் பார்க்க வேண்டிய மருந்து

உங்கள் கையில் நல்ல நரம்புகள் இருக்கின்றன, இன்ஸ்பெக்டர் அம்மா. நீங்கள் எழுதும்போது கவனித்தேன். தவறாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. பஸ்ஸில் போனாலும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். புற்றுநோய் வார்டில் நல்ல நரம்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. மருந்து ஏற ஏற எல்லாம் சுருங்கி ஒளிந்துகொள்ளும். எனக்குக் கைராசி என்பார்கள். ராசியெல்லாம் ஒன்றுமில்லை, பொறுமைதான். சரியான இடம் அகப்படும்வரை விரலை வைத்துக் காத்திருப்பேன்.

பக்கத்து அறையில் சிட்டு அழுவது இங்கே கேட்கிறது. வார்டில் குருவி மாதிரி ஓடிக்கொண்டே இருப்பாள் என்று நான் வைத்த பெயர் அது. எங்களிடம் சிகிச்சைக்கு வந்த டிரைவர் அண்ணன் செத்ததற்குத் தான்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், கைக்குழந்தைக்காரி. நடந்ததை நான் சொல்கிறேன்.

அதற்கு முதலில் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது நான் வெறும் வார்டு நர்ஸ். மருந்துப் பையை மாட்டுவதற்கு முன்னால் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும், அதை விதியாகவே வைக்க வேண்டும் என்று பெரிய டாக்டரிடம் நடையாய் நடந்தேன். ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவர், "ஒரு பையைப் பாக்க ரெண்டு நர்ஸா? அப்புறம் உங்க ரெண்டு பேரையும் பாக்க மூணாவதா ஒரு ஆள் கேப்பீங்களா?" என்றார். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சொன்னது சரி, அம்மா. சரியானதைச் சொல்லி அவமானப்படுவது போல் ஒரு வேதனை கிடையாது.

அந்த வாரமே சிட்டு ஒரு தவறு செய்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்துக் கட்டில்காரருடைய பையைக் கொண்டுவந்து டீச்சருக்கு மாட்டப் போனாள். டீச்சர் பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிறவர், இருதயம் பலவீனம், அந்த மருந்து அவருக்கு ஆகவே ஆகாது. "அக்கா, ஒரு தடவ பாத்துடுங்களேன்" என்றாள். பார்த்தேன். பையில் இருந்த பெயரைப் படித்தேன். "சரியாத்தான் இருக்கு, போடு" என்றேன். டீச்சர் பிழைக்கவில்லை.

நான் அவசரத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டதாகச் சிட்டு இன்றுவரை நம்புகிறாள். என்னை மாட்டிவிடக் கூடாதென்று விசாரணையில் என் பெயரையே எடுக்கவில்லை. நானும் அவளைக் கைவிடவில்லை. இது ஒரு சின்னப் பெண்ணின் தவறு அல்ல, அவளைத் தனியாகப் பார்க்கவிட்டவர்களின் தவறு என்று வாதாடினேன். அவள் வேலை தப்பியது. விதியும் வந்தது.

அதன் பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை. வார்டுக்குப் பொறுப்பாளர் ஆனேன், பிறகு மருத்துவமனை நர்ஸ்களுக்கெல்லாம் தலைவி ஆனேன். வெளியூர் மருத்துவமனைகளில் பேசக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் டீச்சரின் கதையைத்தான் முதலில் சொல்வேன். ஒருமுறை டீச்சரின் கணவர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நானும் அவரோடு சேர்ந்து அழுதேன்.

இந்த வருஷம் புது நிர்வாகி வந்தார். ஆள் பற்றாக்குறை என்றார். "மேடம், உங்க பிள்ளைங்கதான் தப்பே பண்றதில்லையே. அப்புறம் எதுக்கு ரெண்டு ரெண்டு பேரா நிக்கணும்?" என்றார். ஒரு வார்டில் மட்டும் விதியை எடுத்துப் பார்ப்பது, தவறு ஏதும் வரவில்லையென்றால் எல்லா இடத்திலும் எடுத்துவிடுவது என்று முடிவானது. சிட்டுதான் அந்த வார்டுக்குப் பொறுப்பு.

காத்திருந்தேன். தவறு வரவில்லை. பிள்ளைகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். நான்தான் அவர்களை அப்படிப் பழக்கியிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வாரங்கள் போகப் போக, விதி எல்லா இடத்திலும் போய்விடும் என்று தெரிந்துவிட்டது.

டிரைவர் அண்ணனை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்பீர்கள். நல்ல மனிதர். "மேடம், உங்க மருந்து டவுன் பஸ் மாதிரி நின்னு நின்னு போவுது, கொஞ்சம் எக்ஸ்பிரஸா விடுங்க" என்று கிண்டல் செய்வார். அவருக்கு மருந்து ஏற்றுவது அதுதான் கடைசி முறை. அடுத்த மாதம் மறுபடி வண்டி ஓட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாதியற்ற ஒருவரைப் பார்த்திருக்கலாம்தான். நாதியற்றவர் செத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அம்மா. இவருக்கு மனைவி, வளர்ந்த மகன்கள், சண்டைக்கு வரக்கூடிய மச்சான்மார் எல்லோரும் இருந்தார்கள்.

மருந்து அறையில் வேறொருவரின் பையில் இவருடைய லேபிளை ஒட்டிவைத்தேன். அவர் உடம்பு தாங்கக்கூடிய மருந்து அல்ல அது. சிட்டு அதை எடுத்துக்கொண்டு போனாள். கட்டில்வரைக்கும் போனவள் நின்றாள். திரும்பி என்னிடமே வந்தாள்.

"மேடம், போன தடவ தண்ணி மாதிரி இருந்துச்சு. இது சிவப்பா இருக்கே. ஒரு தடவ பாத்துடுங்களேன்."

விதியை எடுத்துவிட்ட வார்டு அது. அவள் யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. டீச்சருக்குப் பிறகு அவள் யாரையாவது கேட்காமல் ஒரு பையும் மாட்டியதில்லை. நான் பையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். "டாக்டர் மருந்த மாத்தியிருக்காரு. சரியாத்தான் இருக்கு, போடு" என்றேன்.

நேற்று எல்லா வார்டுகளுக்கும் விதியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். இனி எந்த நிர்வாகி வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார். ஆமாம், நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். அதோடு இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், அம்மா. அன்றைக்கு அந்தப் பையைச் சிட்டுவோடு சேர்ந்து பார்க்க இன்னொரு ஆள் இருந்திருந்தால், டிரைவர் அண்ணன் இன்று வீட்டில் இருந்திருப்பார்.