டெல்பர்ட் ஸ்ட்ராண்டின் இரண்டாம் பக்கம்

காபி நன்றாகவே இருக்கிறது, ஷெரீஃப். எங்கள் அலுவலகக் காபிக்கு எவ்வளவோ மேல். அந்தப் பதிவுக் கருவியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என் குரல் சன்னமானது.

இந்த ராக்கி மலைப் பக்கம் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் வழிகாட்டியாகப் போக நினைக்கிறவன் எவனாக இருந்தாலும், அவன் கைரேகை என் மேசைக்கு வந்தாக வேண்டும். பத்தொன்பது வருடமாக இதுதான் என் வேலை. பழைய வழக்கு ஏதாவது இருந்தால், உரிமம் தரலாமா என்று முடிவு செய்கிற வாரியத்துக்கு அனுப்புவேன். இல்லையென்றால் முத்திரை குத்தி, அவனை வேலைக்கு வைக்கிற முகாம்காரருக்கு உரிம அட்டையை அனுப்பிவிடுவேன். அட்டை கைக்கு வந்த பிறகு எந்த முகாம்காரரும் அவனிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை. எல்லாம் நான் கேட்டிருப்பேன் என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். என் பின்னணியை மட்டும் யாரும் விசாரித்ததில்லை.

விசாரித்திருந்தால் எனக்கு கர்டிஸ் என்று ஒரு தம்பி இருந்தது தெரிந்திருக்கும். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவன் ராய்ஸ் ஹாட்லாக்கின் முகாமில் வேலை பார்த்தான். மே மாதம், பனி உருகி ஆறு பொங்கி ஓடுகிற நாளில், ராய்ஸ் படகை இறக்கினார். இருந்த லைஃப் ஜாக்கெட்டுகளை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவிட்டு, கர்டிஸை வெறும் சட்டையோடு துடுப்புப் போட வைத்தார். அவன் மூழ்கிப் போனான். விசாரணையில், பையன் குடித்திருந்தான் என்று சொன்னார். கர்டிஸ் பியரை மோந்துகூடப் பார்த்ததில்லை. வாரியம் ராய்ஸைக் கண்டித்து ஒரு கடிதம் அனுப்பியது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

அடக்கத்தன்று ராய்ஸ் எங்கள் அம்மாவின் வீட்டுக்கு வந்தார். "ஆறு எடுத்துக்கிச்சும்மா, நாம என்ன பண்ண முடியும்?" என்றார். பிறகு பன்றித்தொடையும் உருளைக்கிழங்கும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பரிமாறிய என் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்த மனிதரை வெறுக்கிறேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

போன ஆகஸ்டில் டெல்பர்ட் ஸ்ட்ராண்டின் விண்ணப்பம் வந்தது, முகாம்காரர் என்ற இடத்தில் ராய்ஸின் கையெழுத்தோடு. கைரேகைக்கு வந்த பதில் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பெயரும் முகவரியும். இரண்டாம் பக்கத்தில், நெவாடாவில் ஒரு பண்ணை முதலாளி நாலு பேர் முன்னால் தன்னைத் திட்டினார் என்பதற்காக, அவர் மண்டையை உடைத்துவிட்டு ஆறு வருடம் உள்ளே இருந்த கதை. இரண்டு தடவை படித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து மூன்றாம் தடவையும் படித்தேன்.

நாலு நாள் கழித்து ராய்ஸ் போன் செய்தார்.

"அம்மணி, அந்த டெல்பர்ட் பயலோட அட்டை எப்பதான் வரும்? எல்க் மான் சீசன் கழுத்துக்கு வந்துருச்சு. அட்டை இல்லாம அவனை மலைக்கு அனுப்புனா உங்க ஆளுங்களே என் தோலை உரிச்சிருவாங்க."

"இந்த வாரமே வந்துரும் சார். மேல் முகாமுக்கு நீங்கதானே போறீங்க?"

"எங்க போறது? முட்டியில ஆபரேஷன், குதிரை ஏற முடியாது. இந்த வருஷம் என் பொண்ணு ஷெல்பிதான் அங்க ராணி. ஆமா, பய எப்படி? சுத்தமா?"

"சுத்தம் சார். கொஞ்சம் சோம்பேறின்னு மட்டும் கேள்வி. தப்புப் பண்ணுனா எல்லார் முன்னாடியும் நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கச் சொல்லுங்க உங்க பொண்ணை. இல்லேன்னா தலைமேல ஏறி உக்காந்துக்குவான்."

அவர் சிரித்தார். "அதை அவளுக்குச் சொல்லித் தரணுமா? அப்படியே அவங்க அம்மா வாய். ரொம்ப நன்றி அம்மணி."

போனை வைத்துவிட்டு முத்திரை குத்தினேன்.

அக்டோபரில், குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டவில்லை என்று ஷெல்பி அவனைத் திட்டினாள். வேட்டைக்கு வந்திருந்த ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விறகுக் கோடாலி அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவளை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்ததே நீங்கள்தான், மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. கர்டிஸுக்குப் பத்தொன்பது வயது. ஷெல்பிக்கு இருபத்து நாலு. ராய்ஸுக்கு ஐந்து வருடம் கூடுதலாகவே கிடைத்தது.

அடக்கத்துக்குப் போனேன். ராய்ஸ் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். அவர் கையைப் பிடித்து, "மலை எடுத்துக்கிச்சு சார், நாம என்ன பண்ண முடியும்?" என்றேன். இந்தத் தடவை என் முகத்தை நன்றாகப் பார்த்தார். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், தெரியும்.

நீங்கள் தேடுகிற இரண்டாம் பக்கம் என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது, வந்த தேதி முத்திரையோடு. ஒரு காகிதத்தையும் நான் கிழித்ததில்லை. இன்னொன்று, ராய்ஸைக் கொல்லத் திட்டமிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அது தவறு, அடித்துவிடுங்கள். மலைக்குத் தானே போவதாக அவர் சொல்லியிருந்தால், அந்தப் பக்கத்தை அன்றைக்கே வாரியத்துக்கு அனுப்பியிருப்பேன். அவர் மேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பதில் நான் கவனமாகவே இருந்தேன்.