மறந்த தலையில் முளைக்கும் செல்

கண்ணுகளா, இது சூலூர் பஸ்ஸில் முன் சீட்டுத் தம்பதி பேசியது. மனைவி திடுக்கிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க, உங்க தங்கச்சி நிச்சயத்துக்கு எடுத்த சேலைப் பை எங்கீங்க?”

“ஏறுன ஸ்டாப்புலயே மறந்து வெச்சுப்போட்டேன் அம்மணி. வளந்தவங்க மூளையிலயும் புது நரம்பு செல் முளைக்குதாமா. பேப்பர்ல போட்டிருக்குது. இனி மறக்காது.”

“அந்தப் புது செல்லை ஆரு பெத்துப்போடறாங்க?”

“நரம்பு செல்லுக்கு எடுபுடியா இருக்கற துணை செல்லுதான். தறிக்கு நூல் தார் சுத்திக் குடுக்கற ஆளு ஒருநாள் தறியே ஓட்டறாப்பல.”

“அப்ப உங்க மண்டைக்குள்ள எடுபுடியெல்லாம் தறியோட்டப் போயிட்டாங்களாட்ட இருக்குதுங்க. பையை எடுக்க ஆளில்லை.”

அடுத்த நிறுத்தத்தில் கணவரை இழுத்துக்கொண்டு அவர் இறங்கினார். மனைவி சீட்டிலேயே மறந்துவிட்ட டிபன் கேரியரைக் கண்டக்டர் சன்னல் வழியே நீட்டினார். கணவர் வாங்கிக்கொண்டார்.

“கவலைப்படாதே அம்மணி, உனக்கும் முளைக்கும்.”