வயலில் நின்ற லேயாள்

ரொம்பக் காலத்துக்கு முன்னே, செம்மணல் தேரிக்குக் கிழக்கே ஆனந்தவிளைன்னு ஒரு ஊர். ஊர்ன்னா கொஞ்சம் குடிசை, ஓலை வேய்ஞ்ச ஒரு வேதக்கோயில். அடுத்தவன் வயலில் அடிமை வேலை பார்த்து முதுகு வளைஞ்ச சனம். அந்தச் சனம் தாலுகா கச்சேரி வாசலில் கிடந்து, மனு மேல மனு போட்டு, சர்க்காரிடம் தரிசு நிலம் வாங்கிச்சாம். யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கலை. கேட்டு வாங்கினது. அதை மறக்காதீங்க.

ஆனா ஒரு நிபந்தனை. அந்த வருஷ ஐப்பசி மழைக்கு விதைக்கணும். தரிசாக் கிடந்தா நிலம் ஏலத்துக்குப் போயிரும். ஏலம் எடுக்கப் பண்ணையார் வாயைத் திறந்துக்கிட்டு நின்னார்.

அந்த ஊர்க் கோயிலில் வேதம் வாசிச்சுப் பிரசங்கம் பண்ணுற உபதேசியார் சுவிசேஷமுத்து. நல்ல மனுஷன். அவர் வேதத்தை விரிச்சு, அதில் கடைசிக் காலத்துக்குச் சொன்ன மிருகத்தோட கொம்பை எண்ணினார், தீர்க்கதரிசி சொன்ன வாரங்களை எண்ணினார். வாந்திபேதியில் செத்த பிணங்களைப் பார்த்தார், வானத்தில் வால்நட்சத்திரம் பார்த்தார். பார்த்துட்டுச் சொன்னாராம்: "ஐப்பசி அமாவாசைக்கு ஆண்டவர் மேகத்துல வாறார். ராஜ்யம் வந்துட்டு. இனி ஏர் எதுக்கு, விதை எதுக்கு?"

சனம் நம்பிச்சு. சிரிக்காதீங்க. தலைமுறையா அடி வாங்கினவன்கிட்ட, அடிச்சவன் சிங்காசனம் கவிழப் போகுதுன்னு சொன்னா அவன் ஏரைத் தொடுவானா? மேடையில் நின்னு தேதி சொன்ன தலைவர்களை நானும் பார்த்திருக்கேன். அவங்களுக்கும் கை தட்டத்தான் செஞ்சோம்.

மாட்டை அவிழ்த்து விட்டாங்களாம். விதைக் கம்பை இடிச்சுக் கூழாக்கிக் குடிச்சாங்களாம்.

ஒருத்தி மட்டும் குடிக்கலை. லேயாள். உபதேசியாரோட கூடப் பிறந்த தங்கச்சி. புருஷன் பேதியில் போயிட்டான், இடுப்பில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைதான் எங்க பூட்டன். மாடு இல்லாம மண்வெட்டியால் கொத்தினாளாம். கொத்தினா, கொத்தினா, கை பிஞ்சு போற வரைக்கும் கொத்தினா.

அடுத்த குடிசை சாராள் வேலியில் நின்னு கேட்டாளாம்: "ஏ லேயா! ராஜா வாற நேரத்துல ஆருக்குக் கம்பு விதைக்கே?"

"வாறவருக்குத்தான் மதினி. அம்புட்டுத் தூரத்துல இருந்து வாறவரு பசியோட வரமாட்டாரா?"

ஊரே சிரிச்சுச்சு. உபதேசியார் சிரிக்கலை. கோபத்தோட வந்தார்.

"ஏட்டி, சபையைக் கெடுக்காத. மண்வெட்டியைப் போட்டுட்டு வா."

"அண்ணே, நீ வாசிச்சதுதான. அவர் வரும்போது வயல்ல ரெண்டு பேரு இருப்பாங்க, ஒருத்தரை ஏத்துக்குவாரு, ஒருத்தரை விட்டுருவாருன்னு. எல்லாரும் கோயில்ல உக்காந்துட்டா வயல்ல ஆரு இருக்கது?"

"உன்னைத்தான் விட்டுட்டுப் போவாரு!"

"போகட்டும். விதை முளைச்சிருக்கும்."

அமாவாசை விடிஞ்சது. வெள்ளை உடுத்தி, சனமெல்லாம் தேரி மேட்டில் கிழக்கே பார்த்துப் பாடினாங்களாம். கிழக்கே மேகம் திரண்டது. "அதோ! அதோ!"ன்னு கத்தினாங்களாம். மேகம் தலைக்கு மேலே வந்தது. மழைதான் இறங்கிச்சு. நல்ல மழை. விதைக்காத நிலத்தில் எல்லாம் பெய்ஞ்சு, ஓடையாப் போச்சு. நனைஞ்ச வெள்ளைத் துணியோட சனம் அப்படியே நின்னதாம்.

விதைக்கக் கம்பு இல்லை. நிலம் ஏலத்துக்குப் போச்சு. பண்ணையார் எடுத்தார். ஊரில் மிஞ்சினது லேயாள் புஞ்சை ஒண்ணுதான். கதிர் பிடிக்கும் முன்னே சாராளோட கைப்பிள்ளை பசியில் போயிருச்சு. அறுத்த கம்பை லேயாள் குடிசை குடிசையா அளந்து போட்டாளாம். "நீ குடிச்சியாட்டி?"ன்னு கேட்டா, "இப்பத்தான் குடிச்சேன்"பாளாம். குடிச்சது கீரைத்தண்ணி. காய்ச்சல் கண்டு, அடுத்த விதைப்பு பார்க்காமப் போயிட்டா.

சுவிசேஷமுத்து அவளைப் புதைச்ச அன்னைக்கே உபதேசியார் வேலையை விட்டார். தங்கச்சி மண்வெட்டியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோயிலுக்குள்ளே பாட, அவர் அந்தப் புஞ்சையில் ஒத்தையா நிப்பாராம். போறவங்க வாறவங்க காறித் துப்புவாங்களாம். துடைக்க மாட்டாராம்.

ஒருநாள் பாட்டு நடுவில் சாராள் எழுந்தாளாம். கோயிலை விட்டு இறங்கி நேரா புஞ்சைக்கு நடந்தாளாம். பிள்ளையைப் பறிகொடுத்தவ அடிக்கத்தான் போறான்னு சனம் வாசலுக்கு ஓடி வந்தது.

அவ அவர் எதிரே போய் நின்னு கேட்டாளாம்: "ஒருத்தரை எடுத்து ஒருத்தரை விட்டுருவாருன்னுதான வேதத்துல இருக்கு?"

"ஆமா தாயி."

"உம்ம துண்டோட ஒரு முனையை இங்கே போடும்."

போட்டார். அவ இறுகப் பிடிச்சாளாம். "மறுமுனையை விடாதேயும். எப்படிப் பிரிக்காருன்னு பாப்போம்."

அவர் அப்பத்தான் அழுதாராம். அவளும் அழுதாளாம்.

இன்னைக்கும் ஆனந்தவிளையில் ஞாயிறு மணி அடிச்சா, முறை போட்டு ரெண்டு பேர் லேயாள் புஞ்சைக்குப் போவாங்க. ஒரு துண்டை ஆளுக்கொரு முனையாப் பிடிச்சுக்கிட்டு, ஆராதனை முடியும் வரை நிப்பாங்க. ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போட்டவங்களுக்குத்தான் முதல் முறை. கோயிலுக்குப் புதுசா வாற பாதிரி ஐயர்மார் இது வேதத்தில் இல்லைம்பாங்க. இல்லைதான். வருகிறவர் எப்போ வேணுமானாலும் வரட்டும். எங்க ஊரிலிருந்து ஒருத்தரை மட்டும் தனியாக் கூட்டிட்டுப் போக முடியாது.