மூலைக்கொடியிலிருந்து பதினோரு தப்படி

எனக்குப் பந்து ஆடத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஆள் வராத ஒரு நாளில் கோல்கீப்பராக நிறுத்தினார்கள். ஆறு கோல் வாங்கினேன். கோட்டுக்கு வெளியே நிற்பதுதான் எனக்குச் சரி என்று அன்றே புரிந்துகொண்டேன்.

எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், சார். எழுதுகிறேன். என் பெயர் காளிராஜ். வயது நாற்பத்தொன்று. ஊர் நாகலாபுரம். எங்கள் ஊர் நியூ ஸ்டார் அணி ஆடும்போதெல்லாம் பத்தொன்பது வருடமாக மைதானத்தின் மேற்கு ஓரத்தில், உடைமரத்தடியில் நிற்கிறேன். உடைமரத்து நிழல் ஒரு ஆளுக்குக்கூடக் காணாது. அதனால் மஞ்சள் குடை வைத்திருப்பேன். நீங்கள் போனில் காட்டிய வீடியோவில் குடையோடு நிற்பது நான்தான். அதை நான் மறுக்கவில்லை.

போன சீசனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பத்து ஆட்டம். ஒன்றில் ஜெயித்தோம், இரண்டு டிரா, ஏழில் தோற்றோம். முதல் ஆட்டம் தோற்றபோது வெயில் என்றோம். இரண்டாவது தோற்றபோது நடுவர் என்றோம். மூன்றாவதுக்கு பூட்ஸ். அதற்குப் பிறகு யாரும் காரணம் தேடவில்லை. ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் பக்கத்துப் புளியமரத்தடியில் சீட்டாட உட்கார்ந்துவிட்டார்கள். யாராவது கோல் போட்டால் தலையைத் திருப்பி, "யாருக்குலே?" என்று கேட்பார்கள். எதிரணிக்கு என்றால் மறுபடி சீட்டைப் பார்ப்பார்கள்.

நான் திரும்பியதில்லை. தோற்கிற அணியைக் கடைசி நிமிடம் வரை பார்ப்பதற்கு ஒரு உடம்பு வேண்டும். எனக்கு அது இருந்தது.

பார்ப்பது மட்டுமல்ல என் வேலை. எங்கள் மைதானம் கரிசல் தரிசு. மாசியில் ஈரம் வற்றத் தொடங்கினால் சித்திரைக்குள் தரை முழுக்கப் பிளந்துவிடும். ஒரு கை நுழைகிற வெடிப்பும் உண்டு, ஒரு காலே இறங்குகிற வெடிப்பும் உண்டு. லீக் நடப்பதோ அந்த மாதங்களில்தான், அறுவடை முடிந்து பையன்கள் சும்மா இருக்கிற காலம். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் நான் போய் வெடிப்புகளை மூடுவேன். அதை மேலே மண்ணைத் தள்ளி மூட முடியாது. முதலில் சரளைக் கல்லைப் போட்டுக் கம்பியால் குத்தி இறக்க வேண்டும். கல் அடியில் போய்ப் பிடித்துக்கொண்ட பிறகு ஓடை மணல். அதற்கு மேலேதான் மண். தண்ணீர் விடவே கூடாது. விட்டால் கரிசல் உப்பும், காய்ந்ததும் முன்னைவிட அகலமாகப் பிளக்கும். ஒரு சனிக்கிழமைக்கு நாற்பது, ஐம்பது வெடிப்பு மூடுவேன். கோவில்பட்டி நூல் மில்லில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை வரமாட்டேன் என்று சொன்னேன். மற்ற நாட்களும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் மனைவி சுகுணா அன்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "இனி அந்தச் சரளையவே வேவிச்சுத் திங்கலாம்." அவள் சொன்னதில் தப்பில்லை.

அணியில் ஒரு பழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கேப்டன் தங்கப்பாண்டி என்னிடம் வருவான். "அண்ணாச்சி, தரை எப்படி?" என்பான். நான் "ஓடலாம்" என்பேன். அதைக் கேட்காமல் எங்கள் பையன்கள் ஒருத்தனும் உள்ளே இறங்கமாட்டான்.

இனி ஜெஸ்டின். மேரிராணி அக்கா மகன். அப்பா இல்லை. அக்கா மிளகாய்க் காட்டில் பழம் பறித்து வளர்த்தது. ஏழு வயதில் என் குடை நிழலில் வந்து உட்கார்ந்தவன். பத்து வயதில் பந்து பொறுக்கிப் போட்டான். பதினாறில் அணிக்குள் வந்தான். முதல் பூட்ஸ் நான் வாங்கிக் கொடுத்தது. அதைச் சொல்லிக் காட்ட எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். அவன் இடது ஓரத்தில் ஆடுவான். முதல் கோல் போட்ட அன்று நேராக உடைமரத்துக்கு ஓடி வந்து என் கையில் ஓங்கி அடித்தான். அதற்குப் பிறகு ஐந்து சீசன், எத்தனை கோல் போட்டாலும் முதலில் என்னிடம் வந்து கையில் அடித்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் போவான். உள்ளங்கை இரண்டு நாள் எரியும். நான் அந்தக் கையால் சோறு பிசைய மாட்டேன், ஸ்பூன் எடுத்துக்கொள்வேன்.

போன சீசனில் முத்துசெல்வம் வந்தான். விளாத்திகுளத்தில் போன் கடை வைத்திருப்பவன். அவனுக்கும் பந்துக்கும் சம்பந்தமில்லை. போனை ஒரு குச்சியில் மாட்டி, கிழக்கு ஓரத்தில் நின்று, "வணக்கம் மக்களே" என்று ஆரம்பிப்பான். ஆட்டத்தை யூடியூபில் போட்டான். எங்கள் ஊர்க்காரர்கள் துபாயிலிருந்து லைக் போட்டார்கள். பையன்களுக்குத் தலை கால் புரியவில்லை. தலையில் தண்ணீர் தெளித்து முடியைச் சரி செய்துகொண்டு இறங்கினார்கள்.

அந்த சீசனில் ஜெஸ்டின் ஏழு கோல் போட்டான். ஏழு முறையும் கிழக்கே ஓடினான். முதல் முறை அவன் திசை தப்பிவிட்டான் என்று நினைத்தேன். கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவர் பார்த்துவிட்டார். குடையை மாற்றிப் பிடிப்பது போலக் கையை இறக்கிக்கொண்டேன். ஏழாவது முறையும் நான் கையை நீட்டினேன், சார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னால், டீக்கடையில் ஒருத்தர் தன் போனைக் காட்டினார். முத்துசெல்வம் ஜெஸ்டினைப் பேட்டி எடுத்திருந்தான். தூத்துக்குடியில் ஒரு கம்பெனி அணியில் ஜெஸ்டினைக் கேட்டிருக்கிறார்கள். ஆடுவதற்கு வேலையும் தருவார்கள். கடைசி ஆட்டத்தை அவர்கள் ஆள் வந்து பார்ப்பார், பிறகு ஆர்டர். ஊரில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. நான் டீக்கடையில் தெரிந்துகொண்டேன்.

பேட்டியில் அவன் அம்மாவுக்கு நன்றி சொன்னான். தங்கப்பாண்டிக்குச் சொன்னான். முத்துசெல்வத்துக்குச் சொன்னான். பிறகு முத்துசெல்வம், "அங்கன புல்லுத் தரையாம்லா?" என்று கேட்டான்.

ஜெஸ்டின் சிரித்தான். "ஆமாண்ணே. இங்கன வெடிப்புக்குள்ள ஓடி ஓடித்தான காலு இரும்பாயிருக்கு. புல்லுல விட்டா பறப்பேன்."

அந்த இடத்தை மட்டும் நாலு முறை போட்டுப் பார்த்தேன். போன்காரர், "போதும் காளி, சார்ஜ் போயிரும்" என்று வாங்கிக்கொண்டார்.

வெடிப்புக்குள் ஓடினானாம். அவன் ஒரு நாளும் வெடிப்புக்குள் ஓடியதில்லை. நான் ஓட விட்டதில்லை. வெடிப்பு என்றால் என்னவென்றே அவன் காலுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி ஊர் பார்க்கப் பேசுவது சரியில்லை என்று பட்டது. தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். கோபத்தில் நினைக்கவில்லை. டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஒரு ஆட்டக்காரனை அவன் பெற்றவளைவிட அவன் ரசிகன் அதிகமாகப் பார்த்திருப்பான். ஜெஸ்டின் பந்தோடு இடது ஓரமாக ஓடி வருவான். மூலைக்கொடிக்குப் பதினோரு தப்படி இருக்கும்போது இடது காலை ஓங்கி ஊன்றி, உடம்பை உள்பக்கம் வெட்டித் திருப்புவான். எப்போதும் அதே இடம். அவனிடம் கேட்டால் அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த இடத்தைத்தான் முதலில் மூடுவேன், மற்ற வெடிப்புக்கு இரண்டு சட்டி சரளை என்றால் அதற்கு நாலு சட்டி.

அந்தச் சனிக்கிழமை நாற்பத்தாறு வெடிப்புகளை ஒழுங்காக மூடினேன். அந்த ஒன்றில், போன வாரங்களில் போட்டிருந்த கல்லை வெளியே எடுத்தேன். கம்பியை விட்டுப் பார்த்தேன். முழங்காலுக்கு மேலே இறங்கியது. வெடிப்பின் வாயில் இரண்டு காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைக் குறுக்கே வைத்து, மேலே சருகு பரப்பி, புழுதி மண்ணைத் தூவிக் கையால் தடவிவிட்டேன். மற்ற நாற்பத்தாறுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த அளவுக்கு எனக்கு வேலை தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எப்போதும்வென்றான் ஊர்க்காரர்களோடு ஆட்டம். லீக்கில் அவர்கள்தான் முதல். இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள்.

"ஏலே, எங்க ஊர் பேரை வாசிச்சிட்டுத்தான் கிரவுண்டுக்கு வந்தியளா?" என்று ஒருத்தன் கத்தினான்.

"பந்து உங்க ஊர் போர்டை வாசிச்சிட்டா உருளும்? போய் ஓரமா நில்லுல" என்று எங்கள் சீட்டாட்டக் கூட்டம் பதில் கொடுத்தது. அன்றைக்கு அவர்களும் சீட்டை வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஜெஸ்டினைப் பார்க்க வந்த தூத்துக்குடிக்காரருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. மேரிராணி அக்கா முதல்முறையாக ஆட்டம் பார்க்க வந்திருந்தது. என் பக்கத்தில்தான் நின்றது. "தம்பி, இவன் எப்ப ஓடுவான், எங்கன ஓடுவான்னு எனக்கு ஒண்ணும் வெளங்காது. நீ சொல்லு" என்றது. குடையை அக்கா பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

அன்று தங்கப்பாண்டிக்குப் பதிலாக ஜெஸ்டினே வந்தான். "அண்ணாச்சி, தரை எப்படி?" என்றான். பிறகு, "கோவமா இருக்கியளா? நேர்ல வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். அலைச்சல்ல முடியல. ஆர்டர் வரட்டும், மொத ஆட்டத்துக்கு ஒங்கள கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

"ஓடலாம்" என்றேன்.

அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு மனம் மாறியிருக்க வேண்டும் என்று நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள். அப்படிச் சொல்வது எளிது. ஏழு கோலுக்குப் பிறகு வந்து சொல்கிறான்.

முதல் பாதியில் எங்கள் பையன்கள் தெற்கே பார்த்து ஆடினார்கள். அதனால் ஜெஸ்டின் எதிர் ஓரத்தில் இருந்தான். எப்போதும்வென்றான் பையன் ஒருத்தன் அந்த இடத்தை ஒட்டி இரண்டு முறை ஓடினான். அவன் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அவன் மிதிக்காதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இடைவேளையில் அக்கா, "இனிமே எந்தப் பக்கம் வருவான்?" என்று கேட்டது. "இந்தப் பக்கம்தான் அக்கா, நம்ம முன்னாலதான்" என்றேன்.

வீடியோவில் நீங்கள் நிறுத்திக் காட்டியது அதற்குப் பிறகு வருகிற இடம். பந்து நடுக்கோட்டில் இருக்கிறது. மேற்கு ஓரத்தில் நிற்கிற அத்தனை தலையும் பந்தைப் பார்க்கின்றன. என் தலை மட்டும் மூலைக்கொடிப் பக்கம் திரும்பி, வெறும் தரையைப் பார்க்கிறது. முத்துசெல்வம் இந்த சீசனுக்குப் பழைய ஆட்டங்களை வெட்டி ஒட்டும்போது ஒன்பது மாதம் கழித்து அதைக் கவனித்திருக்கிறான். பந்தைப் பார்க்கத் தெரியாதவன்தான் கூட்டத்தைப் பார்ப்பான். அந்த விஷயத்தில் நான் அவனைக் குறைவாக நினைத்துவிட்டேன்.

ஜெஸ்டின் வந்தான். ஊன்றினான். கால் உள்ளே போனது, உடம்பு திரும்பியது. சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. அக்கா என்னிடம், "விழுந்துட்டானா? எந்திரிச்சிருவான்லா?" என்று கேட்டது.

நான்தான் முதலில் ஓடினேன். இழுக்காதீர்கள், கரிசலில் மாட்டிய காலைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும் என்று எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். அது உண்மைதான். குனிந்து முதலில் குச்சிகளை எடுத்து வேட்டி மடியில் சொருகினேன். பிறகு காலை எடுத்தேன். அதுவும் வீடியோவில் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கும்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. மண் செய்த வேலை என்றார்கள். "அண்ணாச்சி பாவம், அம்பது வெடிப்புல ஒண்ணு கண்ணுக்குத் தப்பிருக்கு" என்று தங்கப்பாண்டியே ஊரெல்லாம் சொன்னான். அது மட்டும் எனக்கு வருத்தமாக இருந்தது. என் கண்ணுக்கு ஒன்றும் தப்பவில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒன்றுகூடத் தப்பியதில்லை.

இரண்டு ஆபரேஷன் ஆனது. முழங்கால் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து பிறகு யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு நாளும் நான் கூட இருந்தேன். முத்துசெல்வம் ஒரு நாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து போனான். யார் இருந்தார்கள், யார் வந்து போனார்கள் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த சீசன் தொடங்கி மூன்று ஆட்டம் ஆகிவிட்டது. மூன்றிலும் தோற்றோம். ஜெஸ்டின் உடைமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து பார்க்கிறான். குடையை நான் அவன் பக்கம் பிடிக்கிறேன். இரண்டாவது ஆட்டத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். எல்லோரும் கிழக்கே ஓடினார்கள். ஜெஸ்டின் என் கையைப் பிடித்து எழுந்து நின்றான். இறுக்கிப் பிடித்தான். உள்ளங்கை எரிந்தது.

வீடியோவை அவனிடமும் காட்டிவிட்டோம், அவன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொன்னீர்கள். ஏழு வயதிலிருந்து அவனைப் பார்க்கிறேன். கோபம் இருந்தால் கத்திவிடுவான். பேசாமல் இருந்தால் புரிந்துகொண்டான் என்று அர்த்தம்.

நான் செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது. என்னை உள்ளே வைத்துவிட்டால், கோல் விழும்போது யார் கையைப் பிடித்து அவன் எழுந்திருப்பான் என்பதை நீங்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.