உளிமேடு

நம்ம பாட்டன் பூட்டன்கூட பொறக்காத காலம் அது. செம்பாறப்பட்டியில அடைக்கின்னு ஒருத்தி இருந்தாளாம். ஊரே கல்லு கொத்துற ஊரு. அம்மி கொத்துவாக, ஆட்டுக்கல்லு கொத்துவாக, கோயில் தூணு கொத்துவாக. கொத்துன தூசியெல்லாம் நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துக்கிரும். இருமுவாக, இளைப்பு வாங்கும், ஒரு நா விழுந்துருவாக.

அடைக்கி புருசன் உடையப்பனுக்கும் அந்த இளைப்பு வந்துச்சாம். ஆடாதொடை எலையப் பறிச்சு, திப்பிலியத் தட்டிப் போட்டு, சுண்டக் காய்ச்சி, தேன் விட்டுக் குடுத்தா. ஆடுகூட வாய் வைக்காத எலை, அம்புட்டுக் கசப்பு. குடிச்சவனுக்குச் சளி கழண்டு நெஞ்சு லேசாயிருச்சு. எந்திரிச்சான், உளியத் தூக்கிக்கிட்டு நேரா பாறைக்குப் போனான்.

சேதி பாறைக் குத்தகைக்காரர் காதுக்குப் போச்சாம். "ஆத்தா, ஒன் கைராசி யாருக்கு வரும்? பாறை ஓரத்துலயே பானைய வையி. தேனு நான் தாரேன்"னாராம். அடைக்கிக்குப் பெருமை தாங்கல. பாறையச் சுத்தி ஆடாதொடையா நட்டா. விடிஞ்சா, பாறைக்குழிக்குள்ள எறங்குற ஆளுகளுக்குக் காய்ச்சுவா. குடிப்பாக, எறங்குவாக. குடிப்பாக, எறங்குவாக.

ஒரு நா உடையப்பன் குடிச்சது தொண்டையில எறங்கல. "அடைக்கி, மூச்சு வரல புள்ள"ன்னான். அவ மடியிலயே போயிட்டான்.

கருமாதிகூட முடியல, குத்தகைக்காரர் வந்து வாசல்ல நிக்கிறாரு. "நாளைக்குப் பானைய வச்சிருவியா ஆத்தா? ஆளுக கொத்த முடியாமக் கெடக்காக."

அப்பத்தான் அவளுக்கு ஒறச்சுச்சாம். "பாவி நான், ஊத்தி ஊத்திக் குடுத்து நானே தூசிக்குள்ள அனுப்புனேனே"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. புருசன் உளியக் கொண்டுபோயி ஆடாதொடை வேருல பொதைச்சா. கசாயம் கேட்டு வந்தவுககிட்டச் சொன்னா: "உளிய இங்க பொதைச்சுட்டுக் குடி. பாறைக்குப் போறவனுக்கு ஒரு சொட்டு கெடையாது."

"அப்பக் கஞ்சிக்கு?"ன்னு கேட்டாக.

அதுக்கு அவகிட்ட மருந்து இல்ல. உளியப் பொதைச்சவன் பட்டினி கெடந்தான். பொதைக்காதவன் இருமிச் செத்தான். ரெண்டு பேரு பொண்டாட்டியும் அடைக்கியத்தான் ஏசுனாளுக. அந்த ஏச்சைக் கேட்டுக்கிட்டேதான் அவளும் போய்ச் சேந்தாளாம்.

உளி பொதைச்ச அந்த எடந்தான் உளிமேடு. இன்னைக்கும் நெஞ்சுச் சளிக்கு அங்க எலை பறிக்கணும்னா, ஒரு உளியப் பொதைச்சுட்டுத்தான் கை வைக்கணும். பொதைக்கிறாக, தப்பாமப் பொதைக்கிறாக. மொனை மழுங்கி வேலைக்கு ஆகாத உளிய அதுக்குன்னே எடுத்து வச்சிருக்காக. அதப் பொதைச்சுட்டு, கசாயத்தக் குடிச்சுட்டு, நல்ல உளியத் தூக்கிக்கிட்டுப் பாறைக்குப் போறாக.