ஆறாத கிண்ணம்

"உனக்குப் பேச்சு வருமாம்மா?" என்று, தண்ணீர் பரிசோதிக்க முதல்முறை வந்த அத்தை என்னைக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வரும் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"அது ஊமைக்கோட்டான். பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான், பாதியில நின்னுடுச்சு. ஆனா கைவேலை சுத்தம்."

கைவேலை சுத்தம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

சித்தப்பாவின் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் டி.டி.எஸ். பார்ப்பது என் வேலை. அதாவது, தண்ணீரில் உப்பும் மற்றதும் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்ப்பது. காலிப் பீங்கான் கிண்ணத்தை ஓவனில் காயவைத்து, மூடிய கண்ணாடி ஜாடியில் ஆறவைத்து எடை போட வேண்டும். பிறகு வடிகட்டிய தண்ணீரை அதில் ஊற்றி, முழுக்க வற்றவிட்டு, காயவைத்து, ஆறவைத்து, மறுபடி எடை. கூடியிருப்பதுதான் உப்பு. ஆறுவதற்கு மட்டும் பொறுமை வேண்டும். சூடான கிண்ணத்தைத் தராசு குறைத்துக் காட்டும்.

அத்தை கேட்ட கேள்வியில் பதறிப்போய், காலிக் கிண்ணத்தை ஆறவிடாமல் எடை போட்டுவிட்டேன். அது உண்மையிலேயே தவறுதான். தொடக்கத்தில் குறைந்தது முடிவில் உப்பாகக் கூடியது. லிட்டருக்கு ஐந்நூறு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது ஐந்நூற்று எண்பது.

அத்தை ஓய்வுபெற்ற நர்சரி டீச்சர். வீட்டில் குழந்தைகள் காப்பகம் தொடங்க மனுப் போட்டிருந்தார். அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று எங்கள் சான்றிதழ் வேண்டும்.

"பரவால்ல, கிணத்தை நல்லா இறைச்சுட்டு அடுத்த வாரம் கொண்டாறேன்," என்றார்.

தண்ணீர் தேறாவிட்டால் ஆள் திரும்பி வருவார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மற்றவர்கள் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அத்தை முடிவு வரும்வரை என் எதிரில் உட்கார்ந்து பேசுவார். நான் 'ம்' கொட்டுவேன்.

"நீயாவது என்னை அத்தைன்னு கூப்பிடு. என் மருமக என்னை 'ஏங்க'ன்னுதான் கூப்பிடுறா. என்னமோ நான் அவ புருசன் மாதிரி."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வேறு யாரோ வந்திருப்பதாக நினைத்துச் சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

இரண்டாம் வாரம் ஐந்நூற்று அறுபது. மூன்றாம் வாரம் அறுநூற்றுப் பத்து, கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டேன். ஆனால் அவர் தண்ணீரில் ஒரு கல் உப்புகூட நான் போட்டதில்லை. காலிக் கிண்ணத்தைத் தராசில் வைக்க அவசரப்பட்டேன், அவ்வளவுதான்.

நான்காம் வாரம் அத்தை அதிகம் பேசவில்லை. "வெள்ளிக்கிழமை கடைசி நாள்மா. இதுவும் போச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டுப் பையன்கிட்ட போயிடணும். அங்க எனக்குச் சமையக்கட்டைத் தவிர வேற இடமில்ல."

நான் நியாயமாகத்தான் யோசித்தேன். காப்பகம் திறந்தால் இருபது குழந்தைகள் வரும். அப்புறம் என்னோடு பேச அவருக்கு நேரம் ஏது? பையன் வீட்டுக்குப் போகிறேன் என்பதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது. அன்றும் காலிக் கிண்ணத்தைச் சூடாகவே எடுத்துத் தராசில் வைத்தேன்.

வெள்ளி கழிந்து திங்கட்கிழமை விடைபெற வந்தார். கையில் ஒரு பாட்டில். "கிளம்புறதுக்கு முன்னாடி சும்மா தெரிஞ்சுக்கத்தான்," என்றார். மனது கேட்காமல் சித்தப்பா தானே பரிசோதித்தார். முந்நூற்று எண்பது.

சித்தப்பா பதிவேட்டைப் புரட்டினார். அத்தையின் தண்ணீருக்கு நான் எடுத்த ஏழாம் எண் காலிக் கிண்ணத்துக்கு மற்ற நாளெல்லாம் ஒரே எடை. அத்தை வந்த நாட்களில் மட்டும் இளைத்திருந்தது.

"என்னம்மா இது?"

"ஆறுறதுக்குள்ள எடை போட்டேன், சித்தப்பா. முதல் தடவை தெரியாம. அப்புறம் மூணு தடவையும் தெரிஞ்சுதான்."

என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. அத்தை பக்கம் திரும்பினேன்.

"அடுத்த வருசம் மறுபடி மனுப் போடலாம், அத்தை. நான் ஒழுங்கா பாத்துத் தரேன். வாரத்துக்கு ஒருதரம் தண்ணி மட்டும் கொண்டாங்க."

அவருடைய முதல் கேள்விக்கு ஒருவழியாகப் பதில் சொல்லிவிட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.  அவ்வளவு பேசுகிறவர், கைப்பையை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். பாட்டிலை மறந்து விட்டுவிட்டார். கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்; அதற்காகவாவது வருவார்.